புரோகிராமை ஓட்டாமலே கிராக்மீ தீர்ப்பது: காரைக்குடிப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் சிலருக்கு விடுமுறை நாட்களில் ரிவர்ஸ் இன்ஜினியரிங் (முடிந்த புரோகிராமைப் பிரித்துப் பார்த்து உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது) சொல்லிக் கொடுக்கிறேன். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். மேலே இருப்பவை முதல் நாள் சந்தேகங்கள். கீழே போகப் போகக் கொஞ்சம் இறுகும்.

1. அண்ணே, கிராக்மீன்னா என்ன? சிடிஎஃப்ல வர்ற ரிவர்சிங்கும் இதுவும் ஒண்ணுதானா?

கிராக்மீ என்பது பயிற்சிக்காகவே எழுதப்பட்ட சின்ன புரோகிராம். பாஸ்வேர்டோ சீரியல் எண்ணோ கேட்கும். சரி அல்லது தப்பு என்று சொல்லும். மூல நிரல் கொடுக்க மாட்டார்கள், கம்பைல் செய்த ஃபைல் மட்டும்தான் கையில் கிடைக்கும். எந்த விடைக்கு அது ‘சரி’ என்று சொல்லும் என்பதை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

சிடிஎஃப் என்பது கணினிப் பாதுகாப்புப் புதிர்களைத் தீர்க்கும் போட்டி. அதில் ரிவர்சிங் ஒரு பிரிவு. விடையை ஃபிளாக் என்பார்கள். ஆரம்பிப்பவர்களுக்கு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோசிடிஎஃப் நல்ல இடம், பள்ளி மாணவர்களை மனதில் வைத்தே தொடங்கியது. 2014 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஃபிளேர்-ஆன் முழுக்க முழுக்க ரிவர்சிங்தான். அது நன்றாகவே கடினமானது, முதல் வருஷமே அதில் இறங்க வேண்டாம்.

2. ஓட்டவே மாட்டேன்னா விடை எங்கேருந்துண்ணே வரும்?

நாம் கொடுக்கும் பாஸ்வேர்டு சரியா என்று அந்தப் புரோகிராமே முடிவு செய்கிறது. அப்படியானால் சரியான விடை எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் முழுவதும் அதற்குள் இருந்தே ஆக வேண்டும். சில சமயம் விடையே நேராக இருக்கும். பெரும்பாலும் விடையை உருமாற்றிய எண்களும், உருமாற்றும் கணக்கும் இருக்கும். கணக்கைப் படித்துத் திருப்பிப் போட்டால் விடை வந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும் என்று நினைக்கிறேன். ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த லேவாதேவிக் கடைகளின் கணக்கு ஊருக்கு வரும். கடல் தாண்டாமலே, ஐந்தொகையையும் பேரேட்டையும் பார்த்து, பணம் யாரிடமிருந்து வந்து எங்கே போனது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார்கள். நாம் செய்வதும் அதே வாசிப்புதான். பணத்துக்குப் பதில் பைட், பற்றுவரவுக்குப் பதில் ரிஜிஸ்டர் (சிப் கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் சின்ன இடம்).

3. ஓட்டிப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல முடியுமே, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்?

சில கிராக்மீக்களில் உண்மைதான், டீபக்கரில் (ஓடும் புரோகிராமை இடையில் நிறுத்திப் பார்க்கும் கருவி) ஒரு இடத்தில் நிறுத்திப் பார்த்தால் விடை நினைவகத்தில் அப்படியே நிற்கும். ஆனால் ஓட்டவே முடியாத நேரங்கள் நிறைய. ஃபைல் ஆர்ம் அல்லது மிப்ஸ் சிப்புக்கானது, உங்களிடம் இருப்பது இன்டெல் லேப்டாப். அது கேட்கும் லைப்ரரி உங்களிடம் இல்லை. டீபக்கர் ஒட்டியிருக்கிறதா என்று லினக்ஸின் பீட்ரேஸ் என்ற வசதி மூலம் பார்த்து வேண்டுமென்றே தப்பான வழியில் போகிறது. அல்லது அது நம்ப முடியாத ஃபைல். ஓட்டினால் என்ன செய்யும் என்றே தெரியாது.

இன்னொரு காரணம் எனக்கு முக்கியமானது. ஓட்டும்போது நீங்கள் பார்ப்பது அந்த ஒரு தடவை அது போன பாதையை மட்டும். படிக்கும்போது போகாத பாதைகளும் தெரியும். மால்வேர் ஆய்வு செய்பவர்கள் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பது இதனால்தான்: குறிப்பிட்ட தேதியில் மட்டும் விழித்துக்கொள்ளும் கோடு (நிரல் வரிகள்) மற்ற நாட்களில் ஓட்டினால் கண்ணிலேயே படாது.

4. என்னென்ன மென்பொருள் வேணும்? எங்கிட்ட பழைய லேப்டாப்தான் இருக்கு, ஊர்ல நெட்டும் விட்டு விட்டுத்தான் வருது.

கிட்ரா ஒன்று போதும். அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ 2019 மார்ச்சில் இலவசமாக வெளியிட்டது. மூல நிரலும் திறந்தே இருக்கிறது. அசெம்பிளியை (சிப் செய்யும் கட்டளைகளின் எழுத்து வடிவம்) மட்டுமின்றி அதைச் சி மொழி போல மாற்றிக் காட்டும் டீகம்பைலரும் அதோடு வருகிறது. ஜாவா நிறுவியிருக்க வேண்டும். 4 ஜிபி ரேமில் சின்ன கிராக்மீக்கள் தாராளமாகத் திறக்கும். காரைக்குடியில் நல்ல நெட் கிடைக்கிற இடத்தில் ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். அதன்பின் வீட்டில் நெட்டே தேவையில்லை.

கூடவே பைத்தான், ஒரு ஹெக்ஸ் எடிட்டர் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டித் திருத்த விடுவது), லினக்ஸில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஃபைல், ஸ்ட்ரிங்ஸ், ரீட்எல்ஃப், ஆப்ஜ்டம்ப் என்ற கமாண்டுகள். கிட்ரா போன்ற இன்னொரு கருவியான ஐடாவுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ராடாரே2 பிடித்தவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். கருவியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் நேரத்தைத் தின்னும், ஒன்றைப் பிடித்து அதிலேயே பழகுங்கள்.

5. கிட்ராவுல தொறந்தா ஃபைல் ஓடிராதா? வைரஸ் வந்துருமோன்னு பயமா இருக்கு.

ஓடாது. கிட்ரா அந்த ஃபைலை வெறும் தரவாக வாசிக்கிறது. ஒரு பிடிஎஃப்பில் இருக்கும் வரிகளை எடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

ஆனால் ஓட்டாதது போலத் தோன்றி ஓட்டிவிடக்கூடிய ஒரு கமாண்ட் இருக்கிறது: எல்டிடி. எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று பார்க்க எல்லோரும் அதைத்தான் தட்டுவார்கள். சில சூழ்நிலைகளில் அது ஃபைலையே இயக்கிவிடலாம் என்று அதன் கையேட்டிலேயே எச்சரிக்கை உண்டு. நம்பாத ஃபைலுக்கு ஆப்ஜ்டம்ப்பை ‘-பி’ (p) சேர்த்துக் கொடுத்து லைப்ரரிப் பட்டியலைப் பாருங்கள். அப்புறம், விண்டோஸில் ஃபைலின் பெயர் மேல் கை தவறி இரட்டைக் கிளிக் விழாமல் இருக்க, கடைசியில் உள்ள இஎக்ஸ்இ என்ற பின்னொட்டை எடுத்துவிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கிட்ராவுக்குப் பின்னொட்டு தேவையில்லை, உள்ளே இருக்கும் பைட்டைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும்.

6. ஃபைல் கையில கெடச்ச உடனே மொதல்ல என்ன செய்யணும்?

அது என்ன ஃபைல் என்று பாருங்கள். லினக்ஸ் புரோகிராம் என்றால் இரண்டாவது பைட்டிலிருந்து ஈ, எல், எஃப் என்ற எழுத்துகள் இருக்கும். விண்டோஸ் புரோகிராம் எம், இசட் என்று தொடங்கும். ஆண்ட்ராய்டு ஏபிகே பி, கே என்று தொடங்கும், ஏனென்றால் அது உண்மையில் ஒரு சிப் ஃபைல். ஃபைல் கமாண்டே இதையெல்லாம் சொல்லிவிடும்; 32 பிட்டா 64 பிட்டா, பெயர்கள் நீக்கப்பட்டதா என்றும் சொல்லும்.

அடுத்தது ஸ்ட்ரிங்ஸ். வழக்கமாக 4 எழுத்தோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக இருக்கும் எழுத்துக் கோவைகளைக் காட்டும். விண்டோஸ் புரோகிராம்களில் ஒரு எழுத்துக்கு 2 பைட் வைப்பது சகஜம், அவை சாதாரணமாகத் தட்டினால் வராது. ‘-இ’ தேர்வோடு ‘எல்’ கொடுத்து இன்னொரு முறை ஓட விடுங்கள். மூன்றாவதாக, வெளி லைப்ரரியிலிருந்து எந்த ஃபங்ஷன்களைக் கூப்பிடுகிறது என்ற பட்டியல். இரண்டு எழுத்துக் கோவைகளை ஒப்பிடும் எஸ்டிஆர்சிஎம்பி இருந்தால் நேரடி ஒப்பீடு இருக்கலாம், தாறுமாறான எண்களைத் தரும் ரேண்ட் இருந்தால் 14-ஆம் கேள்வியைப் பாருங்கள், நெட் இணைப்புக்கான சாக்கெட் இருந்தால் 21.

7. ஸ்ட்ரிங்ஸ்லயே ஃபிளாக் மாதிரி ஒண்ணு தெரிஞ்சிருச்சு. அவ்வளவுதானா?

மிக எளிய கேள்விகளில் அவ்வளவுதான். மற்றவற்றில் அது பொய்யாக வைத்த இரையாக இருக்கும். கிட்ராவில் அந்த ஸ்ட்ரிங்கைப் பிடித்து, எந்தக் கோடு அதைத் தொடுகிறது என்று பாருங்கள். எதுவும் தொடவில்லை என்றால் அது விடையில்லை.

தலைகீழாகவும் நடக்கும்: விடை உள்ளே இருக்கும், ஸ்ட்ரிங்ஸ் காட்டாது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி கட்டளையாக ஸ்டாக்கில் (ஃபங்ஷன் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) எழுதினால் இடையிடையே கட்டளைப் பைட்டுகள் புகுந்து கோவை உடைந்துவிடும். ஸ்ட்ரிங்ஸில் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

8. மெயின் ஃபங்ஷனையே காணோம்ணே. எல்லாம் நம்பர் போட்ட பேரா வருது.

பெயர்களை நீக்கிவிட்டார்கள். கோடு அப்படியே இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும்தான் போனது. இரண்டு வழி உண்டு. லினக்ஸ் ஃபைலாக இருந்தால் தொடக்கப் புள்ளிக்குப் போங்கள். சில வரிகளிலேயே லிப்சி-ஸ்டார்ட்-மெயின் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். 64 பிட்டில் அதற்கு முன் ஆர்டிஐ ரிஜிஸ்டரில் வைக்கும் முகவரிதான் மெயின்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: பின்னாலிருந்து வருவது. ‘சரி’, ‘தப்பு’ என்று காட்டும் செய்தியை ஸ்ட்ரிங்குகளில் தேடுங்கள். அதைத் தொடும் கோடுக்குப் போங்கள். ‘சரி’ என்ற பக்கத்துக்குத் திருப்பிவிடும் நிபந்தனை எது, அந்த நிபந்தனையின் மதிப்பு எந்த ஃபங்ஷனிலிருந்து வருகிறது, அந்த ஃபங்ஷனுக்கு நம் பாஸ்வேர்டு எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பிடித்து வாருங்கள். இப்படி வந்தால் நூறு ஃபங்ஷன்களில் மூன்றோ நான்கோதான் படிக்க வேண்டியிருக்கும். படித்து முடித்த ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு பெயர் வையுங்கள். தமிழில் யோசித்து ஆங்கில எழுத்தில் வைத்தாலும் பரவாயில்லை. பெயர் வைக்காமல் அடுத்ததற்குப் போனால் அரை மணி நேரத்தில் எல்லாம் குழம்பிவிடும்.

9. அசெம்பிளி முழுசாத் தெரியணுமா?

வேண்டாம். மூவ், எல்இஏ, ஆட், சப், எக்ஸார், ஷிஃப்ட் வகைகள், சிஎம்பி, டெஸ்ட், ஜம்ப் வகைகள், கால், ரெட் என்று கிட்டத்தட்ட இருபது கட்டளை தெரிந்தால் ஆரம்பநிலைக் கேள்விகள் எல்லாம் படிக்கலாம். 64 பிட் லினக்ஸில் ஃபங்ஷனுக்கு முதல் நான்கு மதிப்புகள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ் வழியாகப் போகும். திரும்பி வருவது ஆர்ஏஎக்ஸில். விண்டோஸில் முதல் நான்கும் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9. இதைக் கலந்துவிட்டால் எந்த மதிப்பு எதற்குப் போகிறது என்பதே மாறிவிடும்.

இரண்டு இடத்தில் புதியவர்கள் நிற்பார்கள். எஸ்டிஆர்சிஎம்பி இரண்டும் சமமாக இருந்தால் 0 தரும். ஆகவே ‘0 என்றால் தாவு’ என்பது பெரும்பாலும் வெற்றிப் பக்கம். இன்னொன்று, 10-ஆல் வகுக்கும் இடத்தில் வகுத்தலே இருக்காது. 3435973837 என்ற எண்ணால் பெருக்கி 35 பிட் வலப்பக்கம் நகர்த்தும். வகுத்தல் மெதுவானது என்பதால் கம்பைலர் இப்படி மாற்றிக்கொள்கிறது. டீகம்பைலர் இதைப் பெரும்பாலும் அடையாளம் கண்டு ‘10-ஆல் வகு’ என்றே காட்டிவிடும்.

10. ஒரு கணக்கையாவது முழுசாப் போட்டுக் காட்டுங்கண்ணே.

சரி. இது நானே எழுதிய குட்டி கிராக்மீ. டீகம்பைலரில் தெரிவது: பாஸ்வேர்டின் நீளம் 5 இல்லையென்றால் தப்பு. பிறகு ஒரு சுற்று. இடம் 0 முதல் 4 வரை. ஒவ்வொரு எழுத்தின் ஆஸ்கி எண்ணையும் 21-ஓடு எக்ஸார் செய்து (இரண்டு எண்களின் பிட்டுகளும் வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 வைப்பது), அதோடு அந்த இடத்தின் எண்ணைக் கூட்டி, ஒரு அட்டவணையோடு ஒப்பிடுகிறது. அட்டவணை: 94, 85, 73, 87, 96. ஐந்தும் பொருந்தினால் சரி.

புரோகிராம் முதலில் எக்ஸார் செய்தது, பிறகு கூட்டியது. திருப்பும்போது கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். ஆகவே முதலில் இடத்தின் எண்ணைக் கழிக்கிறோம்: 94, 84, 71, 84, 92. இப்போது ஒவ்வொன்றையும் 21-ஓடு எக்ஸார் செய்கிறோம், ஏனென்றால் எக்ஸாரை அதே எண்ணால் மறுபடி செய்தால் பழையது திரும்பிவிடும்: 75, 65, 82, 65, 73. ஆஸ்கி அட்டவணையில் இவை கே, ஏ, ஆர், ஏ, ஐ. ‘காரை’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியது. முடிந்தது, புரோகிராம் ஒரு தடவைகூட ஓடவில்லை.

வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். முதலில் எக்ஸார், பிறகு கழித்தல் என்று செய்தால் முதல் எழுத்து 75 என்று சரியாகவே வரும், ஏனென்றால் அங்கே கூட்டியது 0. இரண்டாவது 63, அதாவது கேள்விக்குறி. முதல் எழுத்து சரியாக இருந்து அடுத்தது கோணினால் வரிசையைச் சந்தேகியுங்கள்.

11. எக்ஸார், கூட்டல் சரி. பெருக்கல், ஷிஃப்ட் வந்தா திருப்ப முடியுமா?

பைட் என்பது 256-க்குள் சுற்றும் எண் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பெருக்கலும் திரும்பும், பெருக்கும் எண் ஒற்றைப்படையாக இருந்தால். 7-ஆல் பெருக்கியிருந்தால் 183-ஆல் பெருக்குங்கள். 7 பெருக்கல் 183 என்பது 1281, அதை 256-ஆல் வகுத்தால் மீதி 1. உதாரணமாக 65-ஐ 7-ஆல் பெருக்கினால் 455, பைட்டில் நிற்பது 199. 199-ஐ 183-ஆல் பெருக்கினால் 36417, அதில் 256-ஆல் வகுத்த மீதி மறுபடி 65. இந்த எதிர் எண்ணைப் பைத்தானின் பவ் ஃபங்ஷனே கண்டுபிடித்துத் தரும்.

இரட்டைப்படையால் பெருக்கினால் தகவல் தொலைந்துவிடும், இரண்டு வேறு பைட்டுகள் ஒரே விடைக்கு வரும். ஷிஃப்ட் (பிட்டுகளை ஒரு பக்கம் நகர்த்துவது), பிட்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் அண்ட், ஆர் ஆகியவையும் பிட்டுகளைத் தொலைப்பவை. சுழற்றுதல் தொலைக்காது, இடப்பக்கம் 3 சுழற்றியதை வலப்பக்கம் 3 சுழற்றினால் போதும். தகவல் தொலைந்த இடத்தில் திருப்ப முயலாதீர்கள். எழுத்துக்கு எழுத்து தனியாகச் சோதிக்கிறது என்றால் அச்சிடக்கூடிய 95 ஆஸ்கி எழுத்துகளையும் முன்னோக்கிப் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எடுங்கள்.

12. எல்லாம் சரியாப் போட்டும் விடை குப்பையா வருதுண்ணே.

வரிசைப் பிழை இல்லையென்றால் (10-ஐப் பாருங்கள்) அடுத்த சந்தேகம் பைட் வரிசை. இன்டெல் சிப் எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைக்கும். அசெம்பிளியில் 34333231 என்ற ஹெக்ஸ் எண்ணோடு ஒப்பிட்டால் நினைவகத்தில் அது 31, 32, 33, 34. அதாவது விடை 1234, 4321 இல்லை.

மூன்றாவது சந்தேகம், எண்ணின் கூட்டல்-கழித்தல் குறி. சி-யின் கேர் வகை இன்டெல்லில் வழக்கமாகக் குறியுள்ள எண், அதனால் 200 என்ற பைட்டை டீகம்பைலர் -56 என்று காட்டலாம். ஷிஃப்ட்டோ ஒப்பீடோ வரும்போது இது விடையையே மாற்றும். அசெம்பிளியில் மூவ்எஸ்எக்ஸ் இருந்தால் குறியோடு நீட்டுகிறது, மூவ்இசட்எக்ஸ் இருந்தால் 0 வைத்து நீட்டுகிறது. டீகம்பைலரை மட்டும் நம்பாமல் அந்த ஒரு வரியை அசெம்பிளியில் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குப்பைதான் என்றால், மெயினுக்கு முன்னாலேயே ஏதோ ஓடி அட்டவணையை மாற்றியிருக்கும். லினக்ஸ் ஃபைலில் இனிட்-அரே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மெயின் தொடங்குமுன் கூப்பிடப்படும் ஃபங்ஷன்களின் முகவரிகள் அங்கே இருக்கும். நல்ல கேள்வி தயாரிப்பவர்கள் விரும்பி ஒளிக்கும் இடம் இது. அந்த அட்டவணையில் யாரெல்லாம் எழுதுகிறார்கள் என்று கிட்ராவைக் கேட்டாலும் பிடிபடும்.

13. சி இல்லாம ஜாவா, பைத்தான், டாட்நெட்னு வந்தா?

இன்னும் எளிது. ஆண்ட்ராய்டு ஏபிகேயை ஜேட்எக்ஸில் திறந்தால் ஜாவா கோடாகவே வரும். டாட்நெட்டுக்கு ஐஎல்ஸ்பை. பைஇன்ஸ்டாலர் கொண்டு ஒரே ஃபைலாகக் கட்டிய பைத்தானை முதலில் பிரித்து, உள்ளே இருக்கும் பிஒய்சி ஃபைலை எடுத்து டீகம்பைல் செய்ய வேண்டும்.

கோ, ரஸ்ட் இரண்டும்தான் பயமுறுத்தும். ஃபைல் பெரிதாக இருக்கும், ஸ்ட்ரிங்குகள் முடிவுக்குறி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், நீளம் தனியாக எங்கோ இருக்கும். கோ ஃபைலில் ஒரு ஆறுதல்: பெயர்களை நீக்கினாலும் ஃபங்ஷன் பெயர்கள் அதன் உள் அட்டவணையில் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

14. ரேண்ட் கூப்பிடுறாங்களே, அந்த நம்பர் ஓட்டாம எப்படித் தெரியும்?

ரேண்டின் வரிசை எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது, அதாவது விதை எண் என்ன என்று பாருங்கள். எஸ்ரேண்டுக்கு நிலையான எண் கொடுத்திருந்தால் வரிசை எப்போதும் ஒன்றுதான். ஆனால் எந்த லைப்ரரி என்பது முக்கியம். விதை 1 என்றால் லினக்ஸின் ஜிலிப்சியில் முதல் எண் 1804289383. மைக்ரோசாஃப்ட் லைப்ரரியில் 41. விண்டோஸ் கிராக்மீயை லினக்ஸில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டு அதே ரேண்டைக் கூப்பிட்டால் எதுவும் பொருந்தாது.

மைக்ரோசாஃப்ட் சூத்திரம் சிறியது: பழைய நிலையை 214013-ஆல் பெருக்கி 2531011 கூட்டி, 32 பிட்டுக்குள் வைத்து, 16 பிட் வலப்பக்கம் நகர்த்தி, கீழ் 15 பிட்டை எடுப்பது. பைத்தானில் இரண்டு வரி. இப்படி நாமே எழுதிய கோடை ஓட்டுவது புரோகிராமை ஓட்டுவது ஆகாது. விதை நேரத்திலிருந்து வருகிறது என்றால், ஃபைல் உருவான நேரத்தை ஒட்டிய விநாடிகளை வரிசையாக விதையாகக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு நாளுக்கு 86400 விநாடிதான்.

15. ஃபைல்ல ரெண்டே ரெண்டு ஃபங்ஷன்தான் தெரியுது. மீதியெல்லாம் குப்பை.

சுருக்கி அடைத்திருக்கிறார்கள். பகுதிகளின் பெயரில் யுபிஎக்ஸ் என்று இருந்தால் யுபிஎக்ஸ் கருவியையே ‘-டி’ (d) சேர்த்துக் கொடுத்தால் விரித்துவிடும், ஓட்டத் தேவையில்லை. மறுத்தால், உள்ளே இருக்கும் யுபிஎக்ஸ் அடையாளப் பைட்டுகளை வேண்டுமென்றே கெடுத்திருப்பார்கள். ஹெக்ஸ் எடிட்டரில் அவற்றைச் சரிசெய்து மறுபடி கொடுங்கள். பெயர் தெரியாத அடைப்பு என்றால் என்ட்ரோபி (பைட்டுகள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்ற அளவு) பாருங்கள். ஒரு பைட்டுக்கு உச்சம் 8. அதை ஒட்டி இருந்தால் சுருக்கமோ மறைகுறியாக்கமோ இருக்கிறது. அவர்களே எழுதிய அடைப்பில் அந்த இரண்டு ஃபங்ஷன்களில் ஒன்றுதான் அவிழ்க்கும் சுற்று. அதைப் படித்து, பைத்தானில் எழுதி, விரிந்ததைப் புது ஃபைலாகச் சேமித்து மறுபடி கிட்ராவில் திறங்கள்.

16. பாஸ்வேர்டை எம்டி5 போட்டு ஒப்பிட்டா என்ன பண்றது?

எம்டி5 என்பது ஒரு ஹாஷ், அதாவது எந்தச் சொல்லையும் நிலையான நீளமுள்ள எண்ணாக மாற்றும் கணக்கு. முதலில் அது எம்டி5தான் என்று அடையாளம் காண வேண்டும். 67452301 என்ற ஹெக்ஸ் எண் எம்டி5, ஷா1 இரண்டிலும் தொடக்க மதிப்பு. ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறை என்றால் 63, 7சி, 77, 7பி என்று தொடங்கும் 256 பைட் அட்டவணை இருக்கும். இப்படிப்பட்ட எண்களைக் கண்டதும் உள்ளே இறங்கிப் படிக்காதீர்கள். பெயரிட்டுவிட்டு வெளியே வாருங்கள், அரை நாள் மிச்சம்.

ஹாஷைத் திருப்ப முடியாது, ஆனால் தேடலாம். 4 இலக்க எண் என்றால் 10000 வாய்ப்புதான். 6 சிறிய எழுத்துகள் என்றால் 30,89,15,776. சாதாரண லேப்டாப்புக்கு அதுவும் பெரிய வேலையில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக ஹாஷ் செய்திருந்தால் எழுத்துக்கு 95 தடவைதான். 12 எழுத்துக்கு மொத்தமாக ஹாஷ் என்றால் கேள்வி தயாரித்தவர் வேறு எங்கோ வழி வைத்திருப்பார், அதைத் தேடுங்கள்.

17. ஒரு ஜம்ப்பை மாத்தி விட்டா ‘சரி’ன்னு வந்துருமே, அது போதாதா?

‘சரி’ என்று வரும், விடை வராது. நிறைய கேள்விகளில் ஃபிளாக்கையே உங்கள் பாஸ்வேர்டால்தான் அவிழ்க்கிறது. நிபந்தனையைத் தாண்டிக் குதித்தால் தப்பான சாவியால் அவிழ்ந்த குப்பைதான் திரையில் வரும்.

18. இசட்3, ஆங்கர் எல்லாம் போட்டா ஏமாத்துறதா? ஓட்டின கணக்குல வருமா?

மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பிறந்த இசட்3 நிபந்தனைகளைத் தீர்க்கும் கருவி. நீங்கள் படித்து எழுதிய சமன்பாடுகளைத்தான் தீர்க்கிறது, ஆகவே ஏமாற்று ஒன்றுமில்லை. உதாரணமாக, முதல் இரண்டு எழுத்துகளின் கூட்டுத்தொகை 140, எக்ஸார் 10 என்று மட்டும் புரோகிராம் சோதித்தால் நான்கு ஜோடி பொருந்தும்: 65-75, 67-73, 73-67, 75-65. முதல் எழுத்து 73-க்கு மேல் என்ற மூன்றாவது நிபந்தனையும் இருந்தால்தான் 75-65 மட்டும் மிஞ்சும். இசட்3 ஒன்றைக் கொடுத்ததும் எழுந்து போய்விடாதீர்கள். ‘இது இல்லாமல் வேறு உண்டா’ என்று ஒரு நிபந்தனை சேர்த்து மறுபடி கேளுங்கள். உண்டு என்றால் எதையோ படிக்காமல் விட்டிருக்கலாம். பைத்தானிலிருந்து பயன்படுத்தும்போது பிட்வெக்டர்களில் (இத்தனை பிட் என்று அளவு வைத்த எண்கள்) சாதாரணப் பெரியது-சிறியது ஒப்பீடு குறியுள்ள எண்ணாகவே நடக்கும். குறியில்லாததற்கு யுஎல்டி, வலப்பக்க நகர்த்தலுக்கு எல்எஸ்ஹெச்ஆர்.

ஆங்கர் வேறு வகை. பாஸ்வேர்டைத் தெரியாத எண்களாக வைத்துக்கொண்டு கட்டளைகளைத் தானே நடத்திப் பார்க்கும். உண்மையான சிப்பில் ஓடவில்லை என்பதால் நான் அதை ஓட்டாத பக்கத்தில்தான் சேர்ப்பேன். ஆனால் முதல் சில மாதங்கள் அதைத் தொடாதீர்கள் என்பேன். சுற்றுகள் அதிகமானால் பாதைகள் பெருகி அது திணறும். அந்த நேரத்தில் கையால் படிக்கத் தெரிந்தவர்தான் எந்த ஃபங்ஷனைத் தவிர்க்கச் சொல்லலாம் என்று அதற்குச் சொல்ல முடியும்.

19. ஓட்டாம, விடை சரின்னு எப்படி அடிச்சுச் சொல்றது?

சோதிக்கும் ஃபங்ஷனை முன்னோக்கி அப்படியே பைத்தானில் எழுதுங்கள். டீகம்பைலரைப் பார்த்து விடையைக் கண்டுபிடித்திருந்தால், இதை அசெம்பிளியைப் பார்த்து எழுதுங்கள். ஒரே தவறை இரண்டு தடவை செய்யும் வாய்ப்பு குறையும். பைத்தான் எண்கள் 256-இல் நிற்காது, ஒவ்வொரு கணக்குக்கும் பிறகு 255-ஓடு அண்ட் செய்ய வேண்டும். உங்கள் விடையை உள்ளே கொடுத்தால் அட்டவணை எண்கள் ஒன்றுவிடாமல் வர வேண்டும். ஒரு எழுத்தை மாற்றிக் கொடுத்து, இப்போது வரக்கூடாது என்பதையும் பாருங்கள். விடை படிக்கக்கூடிய சொல்லாக இருப்பது நல்ல சாட்சிதான், முழு நிரூபணம் இல்லை.

20. ஏன் தம்பி, பேரன் ராத்திரியெல்லாம் இதையே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, போலீஸ் கேஸ் கீஸ் ஆகிடாதா?

இது ஒரு மாணவனின் ஆச்சி கேட்டது. வேறு சில பெற்றோரும் இதையே கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக்கென்றே எழுதி, தீர்க்கச் சொல்லிக் கொடுத்த புரோகிராமைத் தீர்ப்பதில் எந்தத் தவறும் இல்லை ஆச்சி. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவிலும், முறையாகக் கையில் வைத்திருக்கும் புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துப் படிப்பதற்கும், வேறு புரோகிராமோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை எடுப்பதற்கும் வரம்போடு இடம் இருக்கிறது.

அடுத்தவர் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது வேறு. அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விலைக்கு விற்கும் மென்பொருளின் உரிமச் சோதனையை உடைத்துப் பகிர்வதையும் என் மாணவர்கள் யாரும் செய்யக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பேரன் தூங்கும் நேரத்தைப் பற்றி மட்டும் நீங்கள் அவனிடம் பேசுங்கள்.

21. ஓட்டாம தீர்க்கவே முடியாத கிராக்மீ இருக்கா?

கோட்பாட்டில், எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அதன் நடத்தையைப் படித்தே சொல்லிவிடும் பொது வழி கிடையாது. 1953-இல் வெளியான ரைஸ் தேற்றம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அது எல்லாப் புரோகிராமுக்கும் ஒரே வழியைப் பற்றியது. உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு புரோகிராம், ஒரு மனிதர் எழுதியது. உள்ளேயே தனக்கென ஒரு கட்டளை மொழியை வைத்துக்கொண்டு அதை நடத்தும் கிராக்மீயும் படிக்கக்கூடியதுதான். ஒவ்வொரு கட்டளை எண்ணுக்கும் என்ன செய்கிறது என்று எழுதி, அந்த மொழிக்குப் பைத்தானில் சின்ன டிஸ்அசெம்பிளர் செய்து, வெளிவரும் பட்டியலை 8-ஆம் பதிலில் சொன்னபடி பின்னாலிருந்து படிக்க வேண்டும். நாள் ஆகும், ஆனால் புதிய வித்தை எதுவும் தேவையில்லை.

உண்மையில் சிக்குவது, 2-ஆம் பதிலில் சொன்ன நிபந்தனைகள் ஃபைலுக்குள் இல்லாதபோதுதான். பாஸ்வேர்டை சர்வருக்கு அனுப்பி அங்கே சோதித்தால் இங்கே படிப்பதற்கு ஒன்றுமில்லை. அனுப்பும் செய்தியின் வடிவத்தை மட்டும் எடுக்கலாம். நீளமான பாஸ்வேர்டிலிருந்து சாவி செய்து அடுத்த கட்டக் கோடையே ஏஇஎஸ்ஸால் பூட்டியிருந்தால், எதனால் பூட்டியிருக்கிறது, சாவி எப்படிச் செய்யப்படுகிறது என்பதுவரை எழுதி வைக்கலாம். சாவிக்கான குறிப்பு கேள்வியின் விளக்கத்திலோ கூட வந்த இன்னொரு ஃபைலிலோ இருக்கிறதா என்று தேடுவதுதான் அடுத்த வேலை.